பல்லண்ணையும் பிரித்தானியக் கார்ச் சந்தையும்

பிரிட்டனில் அடுத்த வருடம் எந்தக் கம்பெனிக் கார் அதிகமாக விற்கும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பனியில் நின்று காய்ச்சல் வாங்கிக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பிரிட்டனில் இல்லை. ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், புருசெத்தில் இருந்தார். இப்போதும் இருக்கிறார். அவரிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. காரில் உட்கார்ந்தால் அடுத்த சிக்னல் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். நான் அவரைச் சந்தித்த காலத்தில் அவர் பிரிட்டனில் காலே வைத்ததில்லை.

எல்லாரும் அவரைப் பல்லண்ணை என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் அவருக்கு வேலை. ஒஸ்லோவில் வயதானவர் யாராவது நம்மைப் பார்த்துச் சிரித்தால், அதில் பாதி பல்லண்ணையின் கைவேலை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய அசல் பெயர் கீழே அழைப்பு மணிப் பலகையில் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெயர் நீளமானது, நோர்வேப் பலகை குட்டையானது. பெயர் பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சப் பாதியை நான் கடைசிவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் திண்டுக்கல்லிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். புருசெத்தில் அவர் இருந்த அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்குச் சேர்ந்தேன். கட்டடத்தில் முக்கால்வாசி யாழ்ப்பாணத் தமிழர்கள். தமிழ் பேசுகிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் பல்லண்ணையைப் பார்க்கும்வரைதான் நீடித்தது.

குளிர்காலத்துக் காலை. மணி எட்டாகியும் விடியவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பிக் கீழே வந்தால், நான் அப்போதுதான் மாத வாடகைக்கு எடுத்திருந்த மின்சாரக் காரின் முன்னால் ஒருவர் குனிந்து நிற்கிறார். கையில் சின்ன டார்ச். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே பார்க்கிற டாக்டர் மாதிரி காரின் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் முகம் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

"அண்ணே, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அவமானப்பட்டவர் மாதிரி முகம் சுருங்கியது. "நான் என்ன பிழை விட்டனான், நீங்கள் பேசிறதுக்கு?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவரே அதைப் பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு மறுபடியும் காரைப் பார்த்தார்.

"நல்ல வடிவான கார்தான் தம்பி. ஆனா உது அங்கை போகாது."

"எங்கே?"

"இங்கிலாந்திலை."

எனக்கு இங்கிலாந்துக்குக் காரில் போகும் யோசனை எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் சொன்னது அதுவல்ல. அந்தக் கார் அங்கே விலை போகாது என்றார். காரணம், அதற்குப் பல் இல்லை.

பல்லண்ணையின் சித்தாந்தத்தில் இரண்டு தூண்கள் இருந்தன. பெட்ரோல் காருக்கு இன்ஜினில் காற்றுப் போகவேண்டும். அதனால் முன்பக்கம் கம்பிகள் வைத்து, பல் வரிசை போல ஒன்று இருக்கும். மின்சாரக் காருக்கு அது தேவையில்லை. ஆகவே முன்பக்கம் மழுங்கலாக, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். ஆங்கிலேயன் பல் தெரியாத வாயை நம்பமாட்டான் என்பது முதல் தூண். இதற்கு ஆதாரம் கேட்டால், தான் வாழ்நாள் முழுக்கப் பல் செய்தவன் என்பார்.

இரண்டாவது தூண் இன்னும் பெரியது. மின்சாரக் கார் விஷயத்தில் நோர்வே உலகத்துக்கே முன்னால் ஓடுகிறது. இங்கே தெருவில் வரும் புதுக் காரில் பெட்ரோல் வாசனையே கிடையாது. சீனாவிலிருந்து எந்தப் புதுக் கம்பெனி கப்பல் ஏறினாலும் முதலில் ஒஸ்லோவில்தான் வந்து இறங்குகிறது. ஆகவே, இங்கே இன்று வாங்குவதை இங்கிலாந்துக்காரன் நாளைக்கு வாங்குவான். "இடையிலை கடல் கிடக்குதல்லோ, அதாலை கொஞ்சம் சுணங்கும்" என்றார். புருசெத் கார் நிறுத்துமிடம்தான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். அங்கே எந்த முகம் பெருகுகிறது, எது காணாமல் போகிறது என்று பார்த்துவிட்டு, அதைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பொருத்துவார்.

கம்பெனிகளின் பெயரை அவர் வாயால் சொல்லவே மாட்டார். எல்லாவற்றுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். எல்லாராலும் மதிக்கப்பட்டு, மெதுவாக நடக்கும் ஜெர்மன் கம்பெனிக்குப் பெரியப்பா என்று பெயர். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போகிற கொரியாக் கம்பெனி மருமகன். பளபளவென்று வந்து எல்லாரையும் அசத்திக்கொண்டிருந்த சீனக் கம்பெனி புதுமாப்பிள்ளை. எனக்கும் வம்பு வேண்டாம். அந்தப் பெயர்களையே இங்கே எழுதுகிறேன்.

இதனால் வந்த வம்பு ஒன்று உண்டு. பக்கத்து எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் பல்லண்ணை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இட்ட கத்தரிக்காய்க் குழம்பைத் தொடாமல் உரத்த குரலில் சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். புதுமாப்பிள்ளை பார்க்க வடிவு, வெளிப்பூச்சு எல்லாம் நல்லது, ஆனால் குளிருக்கு நின்று பிடிக்கமாட்டான், ஒரு தட்டுப்பட்டால் திருத்த ஆளில்லை, கூடிய சீக்கிரம் காணாமல் போவான் என்றார். எங்களுக்குப் பின்னால் மணப்பெண்ணின் சின்னம்மா பாயசச் சட்டியோடு நின்றது எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மா பாயசத்தை வைத்துவிட்டு நேரே மேடைக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார் மேற்குக் கரையில் ஸ்தவாங்கர் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள், எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர்கள், லேசில் விடுகிறவர்கள் இல்லை. மாப்பிள்ளைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, பேச்சு கார் பற்றியது என்று அவர்களை நம்பவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பல்லண்ணை மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அப்படியே, அவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்றும் கேட்டார்.

அந்தக் கணிப்பு பிறகு தலைகீழாக மாறியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் புதுமாப்பிள்ளைகள் எல்லாரும் பனியில் ஜம்மென்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போய், தான் சொன்னது பிழை, அவன் அங்கேயும் வளருவான் என்று அறிவித்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு தவறான தகவலோடு ஜனங்களைத் தூங்கவிட அவருக்கு மனமில்லை.

இன்னொரு நாள் போலீஸ் வந்துவிட்டது. எதிர்க் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு நோர்வே அம்மா, ஒரு மனிதர் டார்ச்சோடு ஒவ்வொரு காராகக் குனிந்து பார்ப்பதை ஜன்னல் வழியே கவனித்துத் தகவல் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. நான் ரயில் நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று பல்லண்ணை தன் அழகான நோர்வே மொழியில் பிரித்தானியக் கார்ச் சந்தையை விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டே ஓடினேன். போய்ப் பார்த்தால், அவர்களில் இளையவர் கையில் கைபேசியை எடுத்து இரண்டு கார்ப் படங்களைக் காட்டுகிறார். மனைவிக்குக் கார் வாங்கவேண்டுமாம், இதில் எது நல்லது என்று கேட்கிறார்.

பல்லண்ணை படங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார். நோர்வேயில் எது நல்லது என்று தனக்குத் தெரியாது, தான் பிரித்தானியச் சந்தை மட்டும்தான் பார்ப்பது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

இதெல்லாம் எதற்கு என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கிரிக்கெட்டுக்காகப் பைத்தியமாய்த் திரிகிறவர்களைத் தெரியும். இவரோ தான் ஏற முடியாத வாகனம், தான் பார்க்காத ஒரு நாட்டில் எப்படி விற்கும் என்று கவலைப்படுகிறார். நேரே கேட்டால், அறிய ஆசை என்பார். அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் இடியப்பமும் இருக்கிறது, வாங்கோ என்று கூப்பிட்டார். மனைவி இல்லாத வீடு. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் வீடு பல்செட் மாதிரி சுத்தமாக இருக்கும். சாப்பிட்டு முடித்த நேரத்தில் போன் அடித்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில் அவருடைய ஒரே தங்கை இருக்கிறாள். அவள் கணவர் அங்கே பழைய கார் வாங்கி விற்கிற ஒரு முற்றம் வைத்திருக்கிறார். அவரைத்தான் இவர் லெஸ்டர் மச்சான் என்பார். ஞாயிறுதோறும் அழைப்பு வரும். பேசுவது லெஸ்டர் மச்சான்தான்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மச்சான் மூச்சுவிடாமல் கார் பற்றிப் பேசினார். இவர் அதற்குச் சளைக்காமல் புருசெத் நிலவரத்தைச் சொன்னார். பெரியப்பா தளர்ந்துவிட்டார், மருமகன் நிதானமாகப் போகிறான் என்று ஒரு மணிநேரம் போனது. இரண்டு பேருக்கும் இடையே வேறு எந்த விஷயமும் இல்லை. கடைசியில் தூரத்தில் ஒரு பெண் குரல், "அண்ணை, சாப்பிட்டியளோ?" என்று கேட்டது. பல்லண்ணை சட்டென்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான், சரி பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

"தங்கச்சிக்கு வேலை கூடிப்போச்சு" என்றார் பல்லண்ணை. பிறகு எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. பனி இன்னும் கரையாத ஒரு வசந்த காலத்தில் லெஸ்டர் மச்சான் அவரிடம் உண்மையாகவே ஒரு கணிப்புக் கேட்டார். பழைய கார் வியாபாரம் போதும், ஒரே கம்பெனியின் புதுக்கார்களை விற்கும் உரிமையை எடுத்து, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையாகக் கட்டப்போகிறேன் என்றார். வீட்டை வங்கியில் ஈடு வைக்கவேண்டும். மருமகனும் தரத் தயார், புதுமாப்பிள்ளையும் தரத் தயார். எவன் வளருவான், சொல்லுங்கள் என்றார்.

பல்லண்ணை ஆடிப்போய்விட்டார். அதுவரை அவர் கணிப்பு பிழைத்தால் நஷ்டம் யாருக்கும் இல்லை. இப்போது தங்கையின் வீடு. அவருக்கு வேலையில் கவனம் போய்விட்டது. ஒரு பாட்டியம்மாவுக்குச் செய்த பல்செட்டில் முன்பல் ஒன்று மட்டும் பளிச்சென்று வேறு வெள்ளையில் அமைந்துவிட்டது. பாட்டியம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டதால் தப்பித்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்று நின்று காய்ச்சல் வந்தது இந்தச் சமயத்தில்தான்.

ஒருநாள் என் கதவைத் தட்டி, என் கம்ப்யூட்டரில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எண்களைப் பிசைவதுதானே என் தொழில். கிடைத்த விவரங்களையெல்லாம் சேர்த்து ஒரு வாரம் உட்கார்ந்தேன். புதுமாப்பிள்ளைதான் வளருவான் என்று வந்தது. அவருடைய கணிப்பும் அதேதான். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நான் சொன்னதைத்தானே உதுவும் சொல்லுது. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பிழை விட்டால்?"

நேரில் போய்ப் பார்த்துவிடலாமே அண்ணே என்றேன். அவர் அப்படியொரு வழி இருப்பதையே யோசித்ததில்லை என்பது அவர் பார்வையில் தெரிந்தது. எனக்கும் விடுமுறை பாக்கி இருந்தது, வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது. இரண்டு பேருமாகப் புறப்பட்டோம்.

லண்டனில் விமானம் இறங்கி, ரயிலில் லெஸ்டர் போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் வாசலில் லெஸ்டர் மச்சான் நின்றார். குள்ளமாக, வட்டமாக, கழுத்தில் டையோடு இருந்தவர், தன்னிடமிருந்த காரிலேயே சிறந்ததைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் பக்கத்தில் தங்கை. பல்லண்ணையின் அதே நெற்றி, அதே தயக்கம். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

பல்லண்ணை காரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, நடந்தே வருகிறேன் என்றார். வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது என்று மச்சான் பதறினார்.

"அப்ப நானும் அண்ணையோடை நடந்து வாறன்" என்றாள் தங்கை.

அந்த ஊர்வலத்தை நான் மறக்கமாட்டேன். அண்ணனும் தங்கையும் நடைபாதையில் முன்னால் நடந்தார்கள். அவர்களைத் தனியே விடவும் மனமில்லாமல், விட்டுவிட்டுப் போகவும் தெரியாமல், லெஸ்டர் மச்சான் எங்கள் பெட்டிகளோடு காரை மாட்டுவண்டி வேகத்தில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். எச்சரிக்கை விளக்குகள் இரண்டு பக்கமும் கண் சிமிட்டின. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பிணம் போகிற ஊர்வலமோ என்று நினைத்து ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். காருக்குள் மச்சானுக்குப் பக்கத்தில் நான். அந்த வழி முழுக்க அவர் எனக்கு கியர்பாக்ஸ் பற்றிச் சொன்னார். எனக்குக் காது அங்கே இல்லை. முன்னால் போன இரண்டு பேரும் முதல் தெருவில் மௌனமாக நடந்தார்கள். பிறகு தங்கை ஏதோ சொன்னாள். பிறகு இவர் ஏதோ சொன்னார். ஒரு பூங்காவைத் தாண்டும்போது அவள் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லெஸ்டர் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தார். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துக் கனகாலம் என்று மெதுவாகச் சொன்னார். உடனே கியர்பாக்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து பல்லண்ணை ஆராய்ச்சியில் இறங்கினார். அவருடைய பெரிய தூண் முதல் தெருவிலேயே சரிந்தது. புருசெத்தில் எங்கள் கட்டடத்தை ஒட்டியே கார் நிறுத்தும் இடம் இருக்கிறது, அங்கேயே மின்சாரம் ஏற்றலாம். இங்கோ செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நின்றன. கார்களெல்லாம் தெருவோரம். இரவு வந்து, எவன் வீட்டு வாசலில் இடம் கிடைக்கிறதோ அங்கே விடுவதுதான் வழக்கம். ஒரு வீட்டில் மாடி ஜன்னலிலிருந்து வயரைத் தொங்கவிட்டு நடைபாதையைத் தாண்டிக் காருக்குக் கொடுத்திருந்தார்கள். பல்லண்ணை அந்த வயரின் கீழே வெகுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் கார்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனிதர்களிடம் போனார். வாசலில் தன் சின்னக் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியிடம், தன் ஒஸ்லோ ஆங்கிலத்தில், மின்சாரக் கார் வாங்குவீர்களா என்று கேட்டார். தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலைத் தவிர வேறு எதையும் பிளக்கில் சொருகுகிற உத்தேசம் தனக்கு இல்லை என்றாள் பாட்டி. இந்தக் கார் என்ன கம்பெனி என்று கேட்டதற்கு, சிவப்பு என்றாள். இவர் அவளுக்குப் புதுமாப்பிள்ளையின் புது அவதாரத்தைச் சொன்னார். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு, சொருகினாலும் ஓடும், சொருகாவிட்டாலும் ஓடும். பாட்டி பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இன்னும் நாலைந்து வாசல்களில் இதே கதைதான். சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளியும் அதையே கேட்டான். பல் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதல் தூணும் போயிற்று.

கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு. லெஸ்டர் மச்சான் கழுத்தில் டையோடு உட்கார்ந்திருந்தார். தங்கை புட்டும் இறால் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், புதுமாப்பிள்ளை வளருவான். அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார் பல்லண்ணை. "ஆனா நீங்கள் அவனை எடுக்க வேண்டாம்."

மச்சானுக்கு முதல் பாதி இனித்து, இரண்டாம் பாதி கசந்தது. "வளருவான் எண்டுறியள். பிறகேன் வேண்டாம்?"

"அவன் உங்களோடை சேர்ந்தாலும் வளருவான், சேராட்டிலும் வளருவான். வளர்ந்தாப் பிறகு பெரிய ஆக்களைத் தேடிப் போடுவான். வீட்டை வைச்சு அவனை வளர்க்க வேண்டாம். மருமகன் மெள்ளமாய்த்தான் வருவான். ஆனா விட்டிட்டுப் போகமாட்டான்."

லெஸ்டர் மச்சான் கரண்டியை வைத்தார். நான் கேட்டது யார் வளருவான் என்றுதான், யாரைக் கட்டிக்கொள்வது என்று கேட்கவில்லை என்றார். குரல் ஏறியது. அத்தனை வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தன்னைச் சந்தை, சந்தை என்று சொல்லி உசுப்பேற்றிவிட்டு, இப்போது பயப்படச் சொல்கிறீர்களே என்றார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்கு என்னோடை மார்க்கெட் கதைச்சனீங்கள்?"

பல்லண்ணை புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய வேண்டிய அளவுக்குமேல் பிசைந்தார்.

"தங்கச்சி போனுக்கு வருவாள் எண்டுதான்" என்றார்.

தங்கை குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவர் தட்டில் இன்னும் இரண்டு இறாலை வைத்தாள். ஒன்று தட்டைத் தாண்டி மேசையில் விழுந்தது. லெஸ்டர் மச்சான் எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். அதில் என்ன ஓடுகிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் ஒஸ்லோ திரும்பிய கொஞ்ச நாளில் மச்சான் புதுமாப்பிள்ளையோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு வங்கிக்குப் போனது. பல்லண்ணை மெலிந்தார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் சொன்னதற்கு நானும் பொறுப்பல்லவா?

நடந்தது இதுதான். பிரிட்டனில் புதுமாப்பிள்ளை வளர்ந்தான். பல்லண்ணை சொன்னதைவிட வேகமாக, அவர் சொன்ன அதே பெட்ரோல் பேட்டரிக் கலவையோடு வளர்ந்தான். லெஸ்டர் மச்சானும் கூடவே வளர்ந்தார். கம்பெனி அவரைக் கைவிடவில்லை. வீடு வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. பக்கத்து முற்றத்தையும் வாங்கிவிட்டார். பாட்டிகூட அவரிடம்தான் வாங்கினாளாம், மறுபடியும் சிவப்பு. ஆக, ஒரு நாடு முழுவதையும் சரியாகக் கணித்த மனிதர், சொந்த மச்சான் ஒருவரை மட்டும் கோட்டைவிட்டார். இதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது அவர் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

"சந்தையைப் பிடிக்கலாம் தம்பி. மச்சானைப் பிடிக்கேலாது."

ஆனால் ஒரு மாற்றம். அந்த மேசைக்குப் பிறகு லெஸ்டர் மச்சான் கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை அழைப்பதை நிறுத்திவிட்டார், பல்லண்ணை அடித்தாலும் எடுக்கவில்லை. அடித்தால் யாராவது எடுத்துத்தானே ஆகவேண்டும், தங்கை எடுத்தாள். வியாபாரம் பெருகி மச்சானுக்குக் கோபம் ஆறிய பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றுவிட்டது. ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுப் பக்கம் போனால் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். இறாலுக்கு எவ்வளவு புளி, லெஸ்டரில் மழையா, ஒஸ்லோவில் பனியா என்று பேச்சுப் போய்க்கொண்டே இருக்கும். கார் என்ற சொல்லே வராது.

இனி இவருக்கு ஆராய்ச்சி எதற்கு, டார்ச்சை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த குளிர்காலத்தின் முதல் பனியில் கீழே வந்தால், புதிதாக இறங்கிய ஏதோ ஒரு காரின் முன்னால் குனிந்து நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. தங்கைதான் நேரடியாகக் கதைக்கிறாளே, இனி இது எதற்கு அண்ணே என்று கேட்டேன். அவர் என்னை, கேட்கக்கூடாததைக் கேட்டவன் மாதிரிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அடுத்தமுறை அங்கை ஆர் வளருவான் எண்டு அறிய வேண்டாமோ?"

எனக்கு ஸ்தவாங்கரில் வேலை கிடைத்து ஒஸ்லோவை விட்டு வந்துவிட்டேன். வேலை விஷயமாக ஒஸ்லோவுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. கம்பெனி நல்ல ஹோட்டலில் அறை போடத் தயாராகத்தான் இருக்கிறது. நான் போடச் சொல்வதில்லை. புருசெத் போய்விடுவேன். பல்லண்ணையின் சோபா எனக்குக் குட்டை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் காலையில் கண் விழித்துப் பார்த்தால், அந்த வெளியே நிற்கும் கால்களுக்கு மட்டும் தனியாக ஒரு கம்பளி போர்த்தியிருக்கும்.